கொலுசு கறுப்பதும் படம் வெளுப்பதும்
(மூன்றாம் ஆண்டு வேதியியல் மாணவன் ஒருவன் எழுதியது)

எங்கள் அமுச்சியின் டிரங்குப் பெட்டியில் இரண்டு பொருள்கள் பல ஆண்டுகளாக ஒன்றாகக் கிடந்தன. ஒன்று, அவர் கலியாணத்துக்குப் போட்ட வெள்ளிக் கொலுசு. மற்றொன்று, எங்கள் அப்பிச்சியின் புகைப்படம். சென்ற சித்திரையில் பெட்டியைத் திறந்தபோது கொலுசு கன்னங்கரேலென்று கறுத்திருந்தது. படமோ வெளுத்து, மஞ்சள் பாரித்து, அப்பிச்சியின் மூக்கு எது கன்னம் எது என்று தெரியாத அளவுக்கு மங்கிப் போயிருந்தது. "கறுக்க வேண்டியது வெளுக்குது, வெளுப்பா இருக்க வேண்டியது கறுக்குது, இதென்ன கண்ணு கூத்து?" என்று அமுச்சி கேட்டார்.

அமுச்சிக்குத் தெரியாமலேயே அவர் கேட்டது ஒரே கேள்விதான். இரண்டும் வெள்ளி. இரண்டையும் தொட்டது கந்தகம்.

மதுக்கரையில் சிமெண்ட் ஆலை வந்த 1930-களுக்கு முன்பிருந்தே சுண்ணாம்புக் காளவாய்கள் உண்டு. அப்பிச்சி காளவாய்ச் சுண்ணாம்பை மாட்டு வண்டியில் ஏற்றிக் கோவைக்குக் கொண்டு போனவர். அவ்வாறு போன ஒரு நாளில், 1968-இல், கோவையில் ஒரு ஸ்டூடியோவில் எடுத்துக் கொண்ட படம் அது. அவர் வாழ்நாளில் எடுத்த படம் அது ஒன்றுதான். நெகட்டிவ் இல்லை. அதைக் காப்பாற்றப் புறப்பட்டவன், கறுப்பு வெள்ளைப் படங்களுக்கு நிறமேற்றும் கலையை ஓரளவு கற்றுக் கொண்டேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கைப்பேசியில் ஒரு படம் பிடித்துக் கணினியில் சரி செய்தால் போயிற்று, இதற்கு ஏன் இருட்டறை என்று நண்பர்கள் கேட்கலாம். அதையும் முதலில் செய்து வைத்துவிட்டேன். ஆனால் அமுச்சிக்குச் சுவரில் மாட்ட ஒரு படம் வேண்டும். அது இன்னொரு ஐம்பது ஆண்டாவது நிற்க வேண்டும். எங்கள் வீட்டில் ஓட்டு வில்லை வேய்ந்த சாமான் அறை ஒன்று சும்மா கிடந்தது. தொழிலை விட்டுவிட்ட ஸ்டூடியோக்காரர் ஒருவரிடமிருந்து எங்கள் மாமா வாங்கிப் போட்டிருந்த என்லார்ஜர் ஒன்றும் இருந்தது. சன்னலுக்குச் சாக்கு அடித்து, சிவப்பு பல்பு மாட்டினால் இருட்டறை தயார்.

கறுப்பு வெள்ளைப் படம் என்பது என்ன? தாளின் மேல் ஜெலட்டின் என்னும் ஊன்பசைப் பூச்சு; அந்தப் பூச்சுக்குள் மிக நுண்ணிய வெள்ளித் துகள்கள். வெள்ளி என்றால் பளபளக்க வேண்டுமே என்று நினைப்போம். டெவலப்பரில் உண்டாகும் வெள்ளி சிக்கலான இழைகளாகச் சுருண்டு கிடப்பதால் ஒளியை விழுங்கிக் கறுப்பாகத் தெரிகிறது. ஒளி படாத இடத்தில் மிஞ்சும் வெள்ளி உப்பை ஹைப்போ, அதாவது சோடியம் தயோசல்பேட், கரைத்து எடுத்துவிடுகிறது. ஹைப்போவின் இந்தக் குணத்தை ஜான் ஹெர்ஷல் 1819-லேயே கண்டறிந்தார். புகைப்படம் பிறந்த 1839-இல் அது கைகொடுத்தது.

அந்த ஹைப்போதான் படத்துக்கு எமனும் ஆகிறது. அதன் மூலக்கூறில் கந்தகம் உண்டு. படத்தைச் சரியாகக் கழுவாமல் விட்டால் தாளின் நாரில் ஒளிந்து கொண்ட ஹைப்போ மெல்லச் சிதைந்து, வெள்ளியை இங்கொன்றும் அங்கொன்றுமாகத் தின்று மஞ்சளாக்கும். காற்றில் உள்ள கந்தக வாயுக்களும் ஈரமும் அதற்குத் துணை போகும். லண்டன் போட்டோகிராபிக் சொசைட்டி 1855-இல் படங்கள் ஏன் மங்குகின்றன என்று ஆராயவே ஒரு குழு அமைத்தது. மிச்சமிருக்கும் ஹைப்போவும் கந்தகமுமே முதற் குற்றவாளிகள் என்று அக்குழு கண்டது. அப்பிச்சியின் படத்துக்கும் அதே கதிதான் நேர்ந்தது என்று நினைக்கிறேன். கலியாணச் சீசனில் ஆயிரம் படம் கழுவும் ஓர் ஸ்டூடியோக்காரரை நான் குறை சொல்ல மாட்டேன்.

இங்கேதான் வேதியியலின் வேடிக்கை. கந்தகம் அரைகுறையாகத் தொட்டால் படம் அழிகிறது. முழுவதும் நாமே தொடவைத்துவிட்டால் படம் நிலைக்கிறது! வெள்ளித் துகள் முழுமையாக வெள்ளி சல்பைடாக மாறிவிட்டால் அதற்குமேல் கந்தகத்துக்கு அங்கே வேலையில்லை; ஆக்சிஜனும் அதை எளிதில் அசைப்பதில்லை. கொலுசின் மேல் படிந்த கறுப்பும் இதே வெள்ளி சல்பைடுதான். கொலுசில் கறுப்பாகத் தெரிவது, படத்தின் நுண்துகளில் அழகிய பழுப்பாகத் தெரிகிறது. இதைத்தான் ஸ்டூடியோக்காரர்கள் செப்பியா என்பார்கள். ஓவியர்கள் பயன்படுத்திய கணவாய் மீனின் மைக்குப் பெயர் செப்பியா. நிறத்தின் ஒற்றுமையால் பெயர் இங்கே வந்து ஒட்டிக் கொண்டது. மற்றபடி நம் படத்தில் மீன் இல்லை.

இதைப் படித்தவுடன் எனக்கு ஓர் ஆசை வந்தது. அப்பிச்சியின் பழைய படத்தையே வெளுத்து, மீண்டும் சல்பைடில் போட்டால் மங்கிய உருவம் திரும்பி வராதா? பழைய நூல்களில் அப்படி ஒரு முறை சொல்லப்பட்டும் இருக்கிறது. எங்கள் வேதியியல் பேராசிரியரிடம் சொன்னேன். அவர், "தம்பி, திருப்பி எடுக்க முடியாத வேலையை ஒரே ஒரு பிரதி உள்ள பொருளில் செய்யாதே. வேறு ஒரு பழைய படத்தில் செய்து காட்டு, பிறகு பேசுவோம்" என்றார். அதே பெட்டியில் யாரென்று தெரியாத ஒரு கூட்டத்தின் படம் இருந்தது. அதே ஆண்டுகளின் தாள். வெளுப்புக் கரைசலில் ஒழுங்காகத்தான் இருந்தது. சல்பைடில் போட்ட ஒரு நிமிடத்தில் பூச்சு கொப்புளம் கொப்புளமாக எழும்பி, ஓரத்திலிருந்து பாம்புச் சட்டை போல் உரிந்து வந்துவிட்டது. சித்திரை வெயிலில் தொட்டித் தண்ணீரே 32 டிகிரி. சல்பைடு கரைசல் காரமுள்ளது. காரத்தில் ஊன்பசை ஊதும். அரை நூற்றாண்டு கண்ட பூச்சுக்குத் தாங்கும் வலு இல்லை. உரியாமல் மிஞ்சிய இடத்திலும் முகங்கள் திரும்பவில்லை. ஏற்கெனவே சல்பைடாகி மஞ்சளான இடத்தை வெளுப்புக் கரைசல் தொடாது. கழன்று போன வெள்ளி எங்கிருந்து திரும்பும்? அந்தத் தாளைக் கையில் வைத்துக் கொண்டு, இது அப்பிச்சியாக இருந்திருந்தால் என்று எண்ணியபோது எனக்கு வியர்த்துவிட்டது.

ஆகவே மூலப் படத்தைத் தொடாமல், அதைக் கேமராவால் படம் எடுத்துப் புது நெகட்டிவ் செய்வது என்று முடிவாயிற்று. இரு புறமும் 45 பாகைக் கோணத்தில் இரண்டு விளக்குகள். இங்கே ஒரு நுட்பம் உண்டு. மஞ்சளாய் மங்கிய உருவத்தை நீல வடிகட்டி வழியே எடுத்தால், மஞ்சள் நீலத்தை விழுங்குவதால் உருவம் கருமையாகத் தெளிந்து வரும். வெள்ளைத் தாளில் விழுந்த மஞ்சள் கறையை மறைக்க வேண்டுமானால் மஞ்சள் வடிகட்டி போட வேண்டும். எங்கள் படத்தில் முகம் மஞ்சளாய் மங்கியிருந்தது. மூலையில் மஞ்சள் கறையும் இருந்தது. இரண்டையும் ஒருசேரத் தீர்க்க வழியில்லை. முகம்தான் முக்கியம் என்று நீல வடிகட்டி போட்டு, நான்கு மடங்கு நேரம் கொடுத்து எடுத்தேன். மூலைக் கறை இன்னும் கறுத்தது. அதைப் பிரிண்டில் வெட்டி எறிந்தாயிற்று.

தாளைப் பற்றி ஒரு வார்த்தை. என்லார்ஜருடன் மாமாவுக்குக் கிடைத்த சாமான்களில் 'இந்து' புரோமைடு தாள் பாக்கெட் ஒன்று பிரிக்காமல் இருந்தது. நமக்குப் பக்கத்து மலையில், உதகமண்டலத்தில், மத்திய அரசு 1960-இல் நிறுவிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தயாரித்தது. பிரான்சு நாட்டு பௌஷே நிறுவனத்தின் தொழில்நுட்பத்துடன் 1967-இல் அங்கு உற்பத்தி தொடங்கியது. எக்ஸ்ரே பிலிமும் சினிமா பிலிமும் தாளும் அங்கிருந்து நாடெங்கும் போயின. படச் சுருளுக்குத் தூசியற்ற குளிர்ந்த காற்று வேண்டும். நீலகிரியில் அது தாராளம். வண்ணப் படங்களும் பின்பு டிஜிட்டல் கேமராக்களும் வந்து, ஆலை நலிந்து, மூடப்பட்டுவிட்டது. கோடக் நிறுவனமே கறுப்பு வெள்ளைத் தாள் செய்வதை 2005-இல் நிறுத்தியதென்றால் ஊட்டி எம்மாத்திரம்? பாக்கெட்டைப் பிரித்து ஒரு தாளை டெவலப்பரில் இட்டேன். ஒளியே காட்டாமல் அது சாம்பல் நிறமாயிற்று. வயதாகிவிட்டது, பாவம். மிச்சத் தாள்களைப் பயிற்சிக்கு வைத்துக் கொண்டு, உண்மைப் படத்துக்கு நார்த்தாள் என்னும் பைபர் பேஸ் தாளைப் புதிதாக வரவழைத்தேன். விலையைச் சொன்னால் விடுதி நண்பர்கள் என்னுடன் பேச மாட்டார்கள்.

இனி செய்முறை. நிறமேற்றுதல் இருட்டில் செய்ய வேண்டியதன்று. படம் முழுதும் கழுவி முடிந்த பின் பகல் வெளிச்சத்தில் செய்யலாம். வெளியில் செய்வதே நல்லது. காரணம் பின்னால் வரும்.

முதற் கரைசல் வெளுப்புக் கரைசல். ஒரு லிட்டர் தண்ணீரில் பொட்டாசியம் பெர்ரிசயனைடு 50 கிராம், பொட்டாசியம் புரோமைடு 10 கிராம், சோடியம் கார்பனேட் 20 கிராம். சயனைடு என்ற பெயரைக் கேட்டு எங்கள் அப்பா பாட்டிலைப் பூட்டி வைத்துவிட்டார். இதில் சயனைடு இரும்புடன் இறுகப் பிணைந்திருப்பதால் அந்தப் பயங்கர நஞ்சு இதில் இல்லை. ஆனால் கடும் அமிலத்தோடு சேர்த்துச் சூடாக்கினால் விபரீதம்; அதை மறக்கக் கூடாது. இக்கரைசலில் படத்தை இட்டால் வெள்ளி மீண்டும் வெள்ளி புரோமைடாகிறது. மூன்று நான்கு நிமிடத்தில் கறுப்பு கரைந்து, வெளிறிய வைக்கோல் நிறத்தில் ஓர் ஆவி மட்டும் தாளில் மிஞ்சும். முதன்முறை பார்ப்பவனுக்கு நெஞ்சு பகீரென்னும்.

மஞ்சள் சாயம் போகுமளவு கழுவிய பின் இரண்டாம் கரைசல். அரை லிட்டர் தண்ணீரில் 45 கிராம் சோடியம் சல்பைடு கரைத்து வைத்துக் கொண்டு, ஒரு பங்குக்கு எட்டுப் பங்கு தண்ணீர் சேர்த்துப் பயன்படுத்த வேண்டும். படத்தை உள்ளே விட்ட சில விநாடிகளில் ஆவிக்கு உயிர் வரும். வெள்ளி புரோமைடு வெள்ளி சல்பைடாகிறது; பழுப்பு நிறத்தில் மடிப்பும் மீசையும் ஒவ்வொன்றாக எழுந்து வரும். எத்தனை முறை செய்தாலும் இந்த விநாடிக்காக நான் குனிந்து நின்று பார்க்கிறேன்.

நாற்றம்! அழுகின முட்டை என்று பாடநூலில் படிக்கிறோமே, அது இதுதான். ஆடி மாதம். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று எங்கள் கொல்லையிலிருந்து கிளம்பி நேரே கிழக்கே நான்கு வீடு தாண்டியது. "ஏனுங்க, உங்க வூட்டுல சாக்கடை ஏதாவது ஒடைஞ்சு போச்சுங்களா?" என்று பக்கத்து வீட்டு அக்கா வந்து கேட்டார். சிரிப்புக்குச் சொல்லவில்லை; ஹைட்ரஜன் சல்பைடு நஞ்சு. சல்பைடு கரைசலில் அமிலம் சிறிது கலந்தாலும் அது பொங்கி வரும். செறிவு கூடினால் மூக்கு மரத்துப் போய் நாற்றமே தெரியாது, அப்போதுதான் ஆபத்து. அசிட்டிக் அமிலத் தட்டும் சல்பைடுத் தட்டும் ஒரே மேசையில் இருக்கக் கூடாது. திறக்காத தாள் பாக்கெட்டும் அருகில் இருக்கக் கூடாது. அந்த வாயு தாளைக் கெடுத்துவிடும். கையுறை அவசியம். நாற்றம் பொறுக்காதவர்கள் சல்பைடுக்குப் பதில் தயோயூரியாவும் சோடியம் ஹைட்ராக்சைடும் பயன்படுத்தலாம். ஹைட்ராக்சைடைக் கூட்டினால் கரும்பழுப்பு, குறைத்தால் மஞ்சள் கலந்த பழுப்பு என்று நிறத்தை நம் விருப்பப்படி அமைக்கலாம் என்பது அதன் வசதி. தயோயூரியா புற்றுநோய் உண்டாக்கலாம் என்ற ஐயம் உள்ள பொருள் என்பதால் அதையும் வெறுங்கையால் தொடக்கூடாது.

என் முதல் படம் பாழாயிற்று. வெளுப்புக் கரைசலில் இட்டதும் அப்பிச்சியின் நெற்றியும் வேட்டியும் வெளுத்தன. சல்பைடில் திரும்பவே இல்லை. பேராசிரியர் கேட்ட முதற் கேள்வி, "எவ்வளவு நேரம் கழுவினாய்?" இருபது நிமிடம் என்றேன். நார்த்தாளுக்கு ஒரு மணி நேரமாவது வேண்டும். தாளில் மிஞ்சிய ஹைப்போவும் பெர்ரிசயனைடும் சேர்ந்தால் அது வெள்ளியைக் கரைத்தெடுக்கும் கரைசலாகிவிடுகிறது. 1883-இல் ஹோவர்டு பார்மர் கண்டுபிடித்த இக்கலவையைப் படத்தின் கருமையைக் குறைக்க வேண்டுமென்றே பயன்படுத்துவார்கள். நான் வேண்டாமலே பயன்படுத்திவிட்டேன். யாருடைய கழுவல் போதவில்லை என்று அப்பிச்சி படத்தைப் பார்த்து ஊகித்தேனோ, அதே பிழையை நானே செய்தேன்! அன்று முதல் வெள்ளை ஓரத்தில் ஒரு துளி வெள்ளி நைட்ரேட் கரைசல் விட்டுப் பார்க்காமல் எதையும் தொடுவதில்லை. பழுப்புக் கறை விழுந்தால் ஹைப்போ இருக்கிறது என்று பொருள். பிரிண்டைப் பத்து விழுக்காடு கூடுதல் ஒளி கொடுத்துச் சற்றுக் கருமையாகவே போடவேண்டும் என்பதும் அடுத்த பாடம். செப்பியாவில் படம் சிறிது இளைக்கும்.

மதுக்கரைத் தண்ணீர் கற்பித்த பாடம் தனி. இரும்பால் நீல நிறமேற்றும் முறை ஒன்று உண்டு. பெர்ரிக் அமோனியம் சிட்ரேட்டும் பெர்ரிசயனைடும் சிறிது அமிலமும் கலந்த கரைசலில் வெள்ளியின் மேல் பிரஷ்யன் நீலம் படிகிறது. தர்மலிங்கேஸ்வரர் மலையை விடியற்காலையில் எடுத்த படம் ஒன்றுக்கு அதைச் செய்தேன். பச்சைக் கிளிஞ்சலும் கருநீலமுமாக, மலை அவ்வளவு அழகாக வந்தது. பெருமையோடு கிணற்றுத் தண்ணீரில் ஒரு மணி நேரம் கழுவப் போட்டேன். திரும்பி வந்து பார்த்தால் வானம் காணோம். மலையும் சோகை பிடித்திருந்தது. காரணம், எங்கள் ஊரின் பெயரைப் புகழ் பெறச் செய்த அதே சுண்ணாம்புக்கல். பாறையிடை ஊறி வரும் தண்ணீர் கடினநீர். ஆய்வகத் தாளில் அதன் பி.எச். 8 காட்டியது. பிரஷ்யன் நீலத்துக்குக் காரம் ஆகாது. அது இரும்பு ஹைட்ராக்சைடாகவும் பெர்ரோசயனைடாகவும் சிதைந்து விடும். கடினநீரில் டெவலப்பர் கலக்கினால் சோடியம் கார்பனேட்டுடன் கால்சியம் கூடிப் பால் போல் கலங்குவதும் இதனால்தான். எங்கள் வீட்டு அண்டாவின் அடியில் ஏறியிருக்கும் காரையை நான் இத்தனை நாளும் பாத்திரக் குறை என்று எண்ணியிருந்தேன்.

அதன் பிறகு கோவையில் பெரியம்மா வீட்டுக்குப் போகும்போதெல்லாம் இரண்டு கேன் எடுத்துப் போய்ச் சிறுவாணித் தண்ணீர் பிடித்து வருகிறேன். மென்னீர் என்றால் அதுதான் மென்னீர். மழை பெய்தால் ஓட்டு ஓரம் அண்டா. நீலப் படத்தைக் கடைசியில் சில துளி வினிகர் விட்ட மழை நீரில் சுருக்கமாகக் கழுவினால் மலை மலையாகவே நிற்கிறது. சிறுவாணித் தண்ணீரில் தேநீர் போடாமல் போட்டோ கழுவுகிறானே என்று பெரியம்மாவுக்கு என் மேல் கோபம் இன்னும் தீரவில்லை.

தங்கத்தாலும் நிறமேற்றலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆல்புமின் படங்களுக்குத் தங்க குளோரைடு கரைசல் கொடுப்பது அன்றாட வழக்கமாகவே இருந்தது. இன்றைய தங்க விலையில் நம்மைப் போன்றவர்கள் அதைப் பற்றிப் படிப்பதோடு நிறுத்திக் கொள்ளலாம். செலினியம் வேறு கதை. தனிமங்களின் அட்டவணையில் கந்தகத்துக்கு நேர் கீழே இருப்பது செலினியம். ஆகவே அதன் போக்கும் கந்தகத்தைப் போலவே. வெள்ளியை வெள்ளி செலினைடாக்கி நிலைநிறுத்தும். நிறம் மட்டும் அதிகம் மாறாது. கருமை இன்னும் ஆழ்ந்து, சற்றே கத்தரிப்பூச் சாயல் காட்டும். 1817-இல் இதைக் கண்டறிந்த பெர்சீலியஸ் கிரேக்க மொழியில் நிலவைக் குறிக்கும் சொல்லால் இதற்குப் பெயரிட்டார். இந்து என்றாலும் நிலவுதான்! ஊட்டித் தாளும் செலினியமும் இப்படிச் சந்திக்கும் என்று யார் கண்டார்? ஆனால் செலினியம் நஞ்சு. வீட்டில் வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

விட்டதை மீண்டும் எடுக்க வைத்தவர் அமுச்சிதான். முழுச் செப்பியாவில் நன்றாக வந்த படத்தை உலர்த்தி, சட்டம் போட்டு அவரிடம் நீட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக் கொண்டு நெடுநேரம் பார்த்தார். பிறகு, "நல்லாத்தான் இருக்குது கண்ணு. ஆனா உங்கப்பிச்சி இத்தனை செவப்பு இல்ல. கருங்காலிக் கட்டையாட்டம் இருப்பாரு. வேட்டி மட்டுந்தான் வெள்ளை, அதுவும் சுண்ணாம்புத் தூசி ஏறிப் பழுப்பாத்தான் இருக்கும்" என்றார்.

நான் மூன்று மாதம் படித்த வேதியியலில் இல்லாத விடை அவர் வாயில் இருந்தது. வெளுப்புக் கரைசல் எப்போதும் வெள்ளி குறைந்த வெளிறிய பகுதியை முதலில் தொடும். அடர்ந்த கருமையைக் கடைசியில்தான் தொடும். ஆகவே கரைசலைப் பத்து மடங்கு நீர்த்து, வேட்டியின் மடிப்பும் தலைப்பாகையும் மட்டும் மங்கத் தொடங்கிய அரை நிமிடத்தில் படத்தை வெளியே எடுத்துவிட்டால்? முகம் கறுப்பாகவே நிற்கும், வேட்டி பழுப்பேறும். ஆனால் சல்பைடாகாத அந்த முகத்துக்குக் காப்பு இல்லை. அதற்குச் செலினியம்தான் துணை. பேராசிரியர் அனுமதி தந்தார். கல்லூரி ஆய்வகத்தில் நச்சுப் புகையை வெளியேற்றும் அலமாரிக்குள் வைத்து, அவர் அருகில் நிற்க, ஒன்றுக்கு இருபது பங்கு நீர்த்த கரைசலில் நான்கு நிமிடம் கொடுத்தோம். கழிவு நீரை ஆய்வகக் கலத்தில் சேர்த்தோம். கிணற்றடியிலோ சாக்கடையிலோ ஊற்றும் பேச்சே இல்லை. பிறகு பெரியம்மா வீட்டுத் தண்ணீரில் ஒரு மணி நேரம், நடுவில் ஆறு முறை மாற்றி.

மூலப் படம் இப்போது அமிலமில்லாத காகிதத்தில் சுற்றி, கொலுசிலிருந்து பிரித்து, தனியே இருக்கிறது. புதுப் படம் எங்கள் நடைச் சுவரில், வெயில் படாத பக்கம் தொங்குகிறது. அமுச்சி அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. கொலுசை எடுத்து வந்து, "இதையும் உன்ற தண்ணியில போட்டு வெளுத்துக் குடு" என்றார். அதற்குச் சோடா உப்பும் அலுமினியத் தாளும் வெந்நீரும் போதும் என்று அன்று மாலையே செய்து கொடுத்தேன்.